என் பாட்டில் பெரியம்மா முகம்

தம்பி, கல்யாணப் பத்திரிகை அடித்து வந்துவிட்டது. உன் பெயர், உன் படிப்பு, பெண்ணின் பெயர், அவள் படிப்பு, மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாம் சரியாக இருக்கிறது. உன் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்துப் பார்த்தார். பெரியப்பாவின் பெயருக்கு முன்னால் 'திரு' விட்டுப்போயிருந்தது என்று அரியலூருக்கு பஸ் ஏறிப் போய், அச்சகத்தில் சண்டை போட்டு, மறுபடி அடித்து வாங்கி வந்தார். பெயர் விஷயத்தில் இந்தக் குடும்பம் இவ்வளவு கண்ணும் கருத்துமாக இருக்கும் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாமல் போய்விட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா புத்திமதி எழுதியிருக்கிறாள் என்று நீ நினைக்கலாம். அதுவும் இதில் இருக்கிறது. ஆனால் இப்போது என்னிடம் அதிகமாக இருப்பது புத்தி இல்லை, கோபம். அதனால் கோபத்தை முதலில் எழுதுகிறேன். இதை நீ ஒளித்துவைத்துப் படிக்க வேண்டியதில்லை. பெரியம்மாவிடம் காட்டினாலும் சரி, சென்னையில் உன்னோடு வேலை பார்க்கிறவர்களிடம் காட்டினாலும் சரி, எனக்கு ஒன்றும் இல்லை.

விஷயம் பச்சையம்மன் பாட்டுதான். உடனே முகத்தைச் சுளிக்காதே. போன வாரம் அரும்பாவூரிலிருந்து உனக்குப் பார்த்த பெண்ணும் அவள் அம்மாவும் முகூர்த்த ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்திருந்தார்கள். மருமகளுக்கு மாமியார் கையாலேயே ஜாக்கெட் தைப்பது எத்தனை வீட்டில் நடக்கும்? எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், நான் டேப்பை வைத்து மார்பளவு எடுத்துக்கொண்டு, வாய் சும்மா இருக்காதே, என் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அவள் தூக்கிய கையைக் கீழே போடாமலே திரும்பிப் பார்த்தாள். "அத்தை, அவரு எனக்கு இந்தப் பாட்ட அனுப்புனாருங்க. பெரியத்தை பாடுனதுன்னு சொன்னாரு. ஆனா குரல் உங்களது மாதிரியே இருக்கே" என்றாள். நிச்சயம் முடிந்ததிலிருந்து என்னோடு போனில் மட்டுமே பேசியிருக்கிற பெண். அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் வயிற்றில் சுமந்த உனக்குத் தெரியவில்லை. யார் பாடியது என்று கேட்டதற்கு, "அதான் பேரு போட்டுருக்கே, பாத்துக்க" என்று நீ பதில் சொன்னாயாம். டேப் என் கையில் அப்படியே நின்றுவிட்டது. மார்பளவை மறுபடி எடுத்தேன்.

இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன். நீ ஐந்தாவது படிக்கும்போது காய்ச்சல் வந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். கூட இருக்க ஒருவருக்குத்தான் அனுமதி. அப்பா இருந்தார். நான் இங்கே தீபாவளித் துணியைத் தைத்து முடித்துக் கொடுத்தாக வேண்டும். மிஷினை மிதித்துக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே பாடினேன். மிதிக்கிற சத்தம்தான் அந்தப் பாட்டுக்குத் தாளம். இன்றைக்கும் கவனித்துக் கேட்டால் தெரியும். "ஏரிக்கரை மேலே எழுந்து வந்த பச்சையம்மா, ஏழை தையக்காரி குரல் எட்டலையோ சொல்லம்மா, வாடிக் கெடக்கான் எம்புள்ள, வந்து தொட்டுப் பாரம்மா." அதில் வாடிக் கிடக்கிற பிள்ளை நீதான். நீ பிழைத்து வந்தாய். குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைத்தபோது அதைப் பாடினேன். அடுத்த வருஷம் பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லாம் கூடச் சேர்ந்து பாடினார்கள். அதிலிருந்து அங்கே பொங்கல் பொங்கினால் அந்தப் பாட்டுதான்.

கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தபோது, அதை ஸ்பீக்கரில் போட வேண்டும், முறையாகப் பதிவு பண்ணிவிடலாம் என்று பங்காளிகள் முடிவு செய்தார்கள். அரியலூரில் ஸ்டுடியோ ஏற்பாடு செய்தது உன் பெரியப்பா. நான், பெரியம்மா, நீ மூன்று பேரும்தான் போனோம். கண்ணாடி போட்ட அறைக்குள் என்னை நிறுத்தி, காதில் பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். பெரியம்மா வேலை, நான் ஒரு அடி முடித்ததும் "ஆமா தாயே" என்று சொல்வது. அதையும் தப்பான இடத்தில் சொன்னாள். ஸ்டுடியோக்காரர் அவளை வெளியே உட்காரவைத்துத் தனியாக அந்த ஒரு "ஆமா தாயே"யை மட்டும் பதிவு செய்து எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டார். இது என் வாயில் வருகிற பொய் இல்லை, நீ அங்கே நின்று சிரித்தாய்.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பாட்டு வாட்ஸ்அப்பில் வந்தது. பங்காளிகள் குரூப்பில் போட்டார்கள், எல்லோரும் இறக்கிக்கொண்டார்கள். நானும் இறக்கித் திறந்தேன். என் குரல் வருகிறது, திரையில் பெரியம்மா சிரிக்கிறாள். மயில்கழுத்துப் பட்டு, நெற்றிச்சுட்டி, அவள் அக்கா மகள் கல்யாணத்தில் எடுத்த படம். கீழே பாடியவர் என்று இங்கிலீஷ் எழுத்தில் அவள் பெயர். என் பெயரைத் தேடினேன். எங்கேயும் இல்லை, "ஆமா தாயே" சொன்னவள் என்றுகூட இல்லை. கும்பாபிஷேகத்தன்று கீழப்பழுவூரிலிருந்தும் ஜெயங்கொண்டத்திலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் போய், என்ன குரல், என்ன குரல் என்றார்கள். அவள் மறுக்கவில்லை. எல்லாம் ஆத்தா குடுத்தது என்று தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே "ஏழை தையக்காரி" என்று கேட்கிறார்கள், ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பொங்கல் பானைக்கு அடியில் எரிந்தது அதற்கு அப்புறம்தான்.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஊர் அறிந்த நல்லவர். அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி அறியாதவர். சாமி பாட்டில் பேரு எதுக்கு, விடு என்றார். உன்னிடம் வந்தேன். நீ அப்போது பெரம்பலூரில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். போன், கம்ப்யூட்டர் எல்லாம் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் போனை வாங்கி ஏதேதோ தட்டினாய். பெரியம்மா பெயர் இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறி வந்தது. பாட்டைப் பாடினவள் கேள்விக்குறி. படம் மட்டும் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, "நான் மாத்திட்டேம்மா, ஒம்போன்தான் பழசு, அதுக்குத் தமிழ் வராது, விடும்மா" என்றாய். நான் நம்பினேன். புதுப் போன் வாங்கினேன். அதிலும் அதே கேள்விக்குறி, அதே சிரிப்பு. இனிமேல் இது நம்மால் ஆகிற காரியம் இல்லை என்று நான் அடங்கிவிடுவேன் என்று நினைத்தாய். என் பிள்ளை என்னைப் பற்றி இவ்வளவு குறைவாக நினைத்ததுதான் முதல் குத்து.

இரண்டாவது குத்து அதைவிடப் பெரியது. நீ சென்னைக்கு வேலைக்குப் போன பிறகு ஒருநாள் லைனிங் துணி எடுக்க அரியலூர் போனவள் நேராக ஸ்டுடியோவுக்குப் போனேன். சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அந்த மனிதர் பாவம், எழுந்து நின்று பதில் சொன்னார். "எம்மேல கோவப்படாதீங்கம்மா. போட்டோவும் பேரும் ஒங்க பையன்தான் அனுப்புனாரு. நான் ரெண்டாவது தடவையும் கேட்டேன், பாடுனது நீங்கதானேன்னு. இல்ல சார், இதுதான் போடணும்னு சொல்லிட்டாரு" என்றார். லைனிங் துணியை எடுக்காமலே பஸ் ஏறினேன். பஸ்ஸில் வரும்போது எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா உனக்கு சிமெண்ட் ஆலையில் சொல்லி வேலை வாங்கித் தருகிறேன் என்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். நீ அவர் மனசு குளிர ஒரு காரியம் செய்து கொடுத்தாய். உன்னிடம் அப்போது கொடுக்க வேறு என்ன இருந்தது? அம்மாவின் குரல் இருந்தது, எடுத்துக் கொடுத்துவிட்டாய். வேலையும் வரவில்லை. வந்திருந்தாலாவது, போனால் போகட்டும், பிள்ளைக்காகப் போனது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

உன்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீபாவளிக்கு வந்தாய், பொங்கலுக்கு வந்தாய், உனக்குப் பிடித்த சுண்டைக்காய் வற்றல் குழம்பு வைத்தேன், பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். மனதுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன். மறந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாய். நான் மறக்கவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடையில் கேட்டேன், இதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா என்று கவரும் சார்ஜரும் விற்கப் பார்த்தார்கள். சரி என்று, மதியம் மிஷினை நிறுத்திவிட்டு வீடியோ பார்த்தேன். பாதி இந்தியில் இருக்கும். பேசுவது புரியாது, கை எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து நானும் கையை அங்கே வைத்தேன். நான் கற்றதை உனக்கு விவரமாக எழுதுகிறேன். கவனமாகப் படி, பின்னால் உனக்கு வேண்டியிருக்கும்.

பாட்டு என்பது குரல் மட்டும் இல்லை. அந்தக் கோப்புக்குள்ளேயே தலைப்பு, பாடியவர், ஆல்பம், படம் என்று தனித்தனியாகச் செருகி வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்து மாற்றுவதற்கென்றே ஆப் இருக்கிறது. அதில் என்ன சூழ்ச்சி என்றால், பெயர் ஒரு இடத்தில் இல்லை, இரண்டு இடத்தில் இருக்கிறது. பழைய மாதிரி ஒன்று கோப்பின் கடைசியில், புது மாதிரி ஒன்று முன்னால். ஒன்றில் என் பெயரை எழுதினால் என் போனில் நான் வருவேன், இன்னொருத்தர் போன் மற்றதைப் படித்துவிட்டு அவளைக் காட்டும். பழைய மாதிரிக்குத் தமிழும் தெரியாது, நீ எழுதின என் பெயர் கேள்விக்குறி ஆனது இதனால்தான். பழையதை அடியோடு அழிக்க வேண்டும். புதியதில் எழுத்தை எப்படிச் சேமிக்கட்டும் என்று ஆப் கேட்கும், அங்கே யூனிகோட் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம்தான் தமிழ் தமிழாகத் தெரியும். அதன் பிறகும் படம் மாறாது. போன் ஒரு தடவை பார்த்த முகத்தைத் தனியாக ஞாபகம் வைத்துக்கொண்டு அதையே காட்டும், உங்கள் குடும்பத்தைப் போல. ஆல்பத்தின் பெயரையும் சேர்த்து மாற்றினால் இது வேறு பாட்டு போல என்று ஏமாந்து, புதுப் படத்தைக் காட்டிவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் உன் நிச்சயதார்த்தத்தன்றுகூட வரவில்லை. மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற என் படம், கீழே தமிழில் என் பெயர். போட்டுக் கேட்டேன். கழுத்தில் டேப் தொங்குகிறது, முகத்தில் பவுடர் இல்லை, ஆனால் நான்.

அதோடு தீர்ந்தது என்று நினைத்தால், பெரிய ஏமாற்றம். என் போனில் மாற்றினால் என் போனில்தான் மாறும். ஊரில் உள்ளவர்கள் போனில் எல்லாம் அவள்தான் சிரித்துக்கொண்டிருப்பாள். திருத்தின பாட்டைக் குரூப்பில் போடலாம் என்றால், குரூப்புக்குப் பொறுப்பாளர் பெரியப்பா, எடுத்துவிடுவார். மிஷினை மிதித்துக்கொண்டே யோசித்தேன். அப்போது ஒரு வாடிக்கைக்காரி அளவு ஜாக்கெட்டையும் போனையும் மிஷின் மேல் வைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். போன் என்னைப் பார்த்தது, நான் போனைப் பார்த்தேன். வழி தெரிந்துவிட்டது. ஆனால் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை, அவள் வந்ததும் கேட்டுத்தான் செய்தேன். அன்றிலிருந்து என் வீட்டில் ஒரு சட்டம். ஜாக்கெட் தயாராக இருக்கும், கொக்கி மட்டும் வைத்திருக்க மாட்டேன். போனைக் கொடுத்தால் கொக்கி. பச்சையம்மன் பாட்டு இருக்கிறதா, எடு, யார் முகம் வருகிறது பார், குரல் யாருடையது சொல். என் குரலைக் கேட்டுக்கொண்டே என் முன்னால் நின்று, பெரியம்மா குரல் என்று சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. திருத்தினேன். ஆடி, ஆவணி, ஐப்பசி என்று முகூர்த்தமும் பண்டிகையும் வரவர என் முகம் தெருத்தெருவாகப் போனது. சின்ன வெங்காயம் அறுக்கிற இடத்திலும் நூறு நாள் வேலை நடக்கிற இடத்திலும் போனில் என் பாட்டு, என் முகத்தோடு.

ஒரே ஒரு கூத்து நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மேலத்தெரு செல்வி அவள் வீட்டுக்காரர் போனைக் கொண்டுவந்தாள், அவர் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். அவசரத்தில் ஒரு பாட்டைத் தொடுவதற்குப் பதிலாக எல்லாப் பாட்டையும் சேர்த்துத் தொட்டுவிட்டேன். அந்த மனிதர் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பி ஒரு சினிமா பாட்டு போட்டிருக்கிறார், பாடியவர் என்று நான். அடுத்த பாட்டு, ஆண் குரல், அதற்கும் நான். குத்துப்பாட்டுக்கும் டேப்போடு நான். விருத்தாசலம் தாண்டி ஓரமாக நிறுத்தி செல்விக்குப் போன் பண்ணி, "எந்தப் பாட்டத் தொறந்தாலும் தையக்கார அக்கா மொறைக்குது, என்னாடி பண்ணி வச்சிருக்கீங்க" என்றாராம். அவர் திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, யார் யார் பாடினது என்று செல்வி சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்தேன். மற்றவர்கள் பாட்டு எனக்கு வேண்டாம். என்னுடையது மட்டும் எனக்குப் போதும்.

கடைசியாகப் பெரியம்மா வந்தாள். வராமல் எங்கே போவாள்? அவள் உடம்புக்குப் பிடிக்கிற மாதிரி தைக்க இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு ஆள் இல்லை. இத்தனை வருஷமும் தைத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன், வலது கையை மட்டும் ஒரு நூல் இறுக்கமாக. சாமி கும்பிடக் கையைத் தூக்கும்போது என் ஞாபகம் வரட்டும் என்று. உன் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்திருந்த நாலு ஜாக்கெட்டை வாங்க வந்தாள். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், போனைக் கேட்டேன். ஏதோ புது பாட்டு ஏற்றித் தரப்போகிறேன் என்று நினைத்துக் கொடுத்துவிட்டாள். அவள் கண் முன்னாலேயே மாற்றிப் பாட்டைப் போட்டு நீட்டினேன். வாங்கிப் பார்த்தவள் முகம் எப்படி ஆனது என்று எழுத எனக்கு ஆசைதான், வார்த்தை போதாது.

"ஏண்டி, எம்போன்ல எதுக்குடி ஒம்மூஞ்சி வருது?" என்றாள்.

"பாட்டக் கேளுங்கக்கா. எந்த மூஞ்சிலேருந்து வருதோ அந்த மூஞ்சிதான் வரும்" என்றேன்.

அவள் பாட்டை நிறுத்தினாள். அப்புறம் சத்தம் இறங்கிப்போய், "நான் கேட்டனாடி? ஒம்மவன்தான் பெரியம்மா ஒங்க படம் வைக்கிறேன், நல்லாருக்கும்னு வந்து வாங்கிட்டுப் போனான்" என்றாள். அது எனக்குப் புதுச் செய்தி இல்லை, ஆனாலும் அவள் வாயிலிருந்து கேட்டது நாலு பேர் முன்னால் அறை வாங்கின மாதிரி இருந்தது. அவள் ஆசைப்பட்டாள், வந்ததை வைத்துக்கொண்டாள். கொண்டுபோய்க் கொடுத்தது நீ. அவள் மேல் இருந்த கோபம் அன்றைக்குப் பாதியாகிவிட்டது, மிச்சப் பாதியும் உன் கணக்கில் வந்து சேர்ந்துகொண்டது. அவள் நாலு ஜாக்கெட்டுக்கும் வலது கையைப் பிரித்துச் சரியாகத் தைத்துவிட்டேன்.

புத்திமதி என்று சொன்னேனே, அது இதுதான். உனக்கு ஒரு பெண் வருகிறாள். அவள் வைத்த குழம்பை யாராவது நன்றாக இருக்கிறது என்றால், அவள் வைத்தது என்று வாய் திறந்து சொல். என் அம்மா சொல்லிக்கொடுத்தது என்று அதை என் பெயரில் எழுதாதே, எனக்கு வேண்டாம். அவள் சம்பாதித்து வாங்கினதை நீ வாங்கினது என்று உன் நண்பர்கள் முன்னால் காட்டாதே. அவளுடையதை எடுத்து உன் மேலதிகாரிக்கோ உன் சொந்தக்காரர்களுக்கோ உன் பெரியப்பாவுக்கோ கொடுத்து நல்ல பெயர் வாங்காதே. பெண்கள் இதையெல்லாம் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறாய். கேட்க மாட்டோம், குழம்பு ஊற்றுவோம், விசிறுவோம். நீ செய்த காரியத்தைப் பற்றி அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் போனில் இருந்த பாட்டை அளவு எடுத்த அன்றே மாற்றிக் கொடுத்தேன், யார் பழையதைப் போட்டது என்று கேட்டாள், கல்யாணத்துக்குள் தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

இப்போது வருகிற வெள்ளிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துப் பத்திரிகை படைக்கிறோம். மைக்செட்காரர் மண்டபத்துக்குக் கொண்டுவருகிற பெரிய எல்இடி திரையை முதலில் கோயிலுக்குக் கொண்டுவருகிறார், போனில் என்ன தெரிகிறதோ அது அப்படியே அதில் தெரியும். பொங்கல் பொங்கும்போது பாட்டை மாப்பிள்ளையின் போனிலிருந்துதான் போட வேண்டும், அதுதான் முறை என்று பங்காளிகளிடம் சொல்லிவிட்டேன். அப்படி ஒரு முறை எந்தக் காலத்திலும் கிடையாது. நான் உண்டாக்கினேன். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார்கள், உன் பெரியப்பா உட்பட. அரும்பாவூர்க்காரர்களும் வருகிறார்கள். அவள் உன் பக்கத்தில் நிற்பாள். இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த எல்லோர் போனிலும் என் முகம் வந்துவிட்டது. உன் போன் ஒன்றைத்தான் நான் தொடவில்லை. போன மாதம் நீ வந்து குளிக்கப் போனபோது கட்டில் மேல் கிடந்தது, திறக்கிற எண்ணும் எனக்குத் தெரியும். தொடவில்லை. நீ போட்டதை நீதான் எடுக்க வேண்டும்.

எப்படி என்று மேலே எழுதியிருக்கிறேன், நீ படித்த படிப்புக்கு அது தேவையும் இல்லை. அவளிடமிருந்து அனுப்பச் சொல்லி வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைக்காதே. நான் திருத்திக் கொடுத்த எல்லாவற்றிலும் ஒரே படம்தான், மிஷினும் டேப்புமாக. அதையே நீயும் காட்டினால் எனக்குத் தெரிந்துவிடும். உன்னுடையதில் வேறு படம் வர வேண்டும். அம்மா, ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்று என்னிடம் கேட்காதே, அப்பாவிடமும் கேட்காதே. உன் போனில் தேடு. பைக், நண்பர்கள், சாப்பாட்டுத் தட்டு, அவள் என்று ஆயிரம் படம் இருக்குமே, அதில் நான் எங்காவது இருக்கிறேனா பார். இருந்தால் எடுத்து வை. இல்லையென்றால் பெரியம்மாவே இருக்கட்டும், அன்றைக்குக் கோயிலில் எல்லோரும் பார்க்கட்டும்.